தனியாகத் துவைத்த விரிப்பு

04.05.1998, திங்கள்

உடுப்புத் துவைக்கிற மெஷின் இன்றைக்கும் நடந்து வந்துவிட்டது. குசினியில் அடுப்புப் பக்கத்துச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, போட்டுவிட்டு, மகள் கஜானியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வருகிறேன், நடுக் குசினியில் நிற்கிறது. தண்ணீர்க் குழாய் இழுத்துப் பிடித்திராவிட்டால் கதவைத் திறந்துகொண்டு ஏவன்டேல் ரயில் ஸ்டேஷனுக்கே போயிருக்கும்.

உள்ளே இருந்தது ஒரு படுக்கை விரிப்பும் மாமா இடுப்பில் கட்டுகிற சாரமும். அவ்வளவுதான். அதற்கு இந்த ஆட்டம்.

மாமாவுக்கு எழுபத்தாறு வயது. என் கணவர் நிமலனின் அப்பா. சாவகச்சேரிப் பக்கத்தில் தபாலதிபராக இருந்தவர். மாமி போன பிறகு தனியாக இருந்தவரைப் போன வருடம் இங்கே கூப்பிட்டோம். இரவில் படுக்கை நனைந்துவிடுகிறது. நான் எழும்புவதற்கு முன்பே விரிப்பை நாலாக மடித்து, நனைந்த பக்கத்தை உள்ளே வைத்து, வாளியில் போட்டு, மேலே பேப்பர் ஒன்றை விரித்து வைத்திருப்பார். நான் வாளியை எடுக்கும்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். வந்து பதின்மூன்று மாதமாகிறது, இதைப்பற்றி நாங்கள் இருவரும் ஒரு சொல் கதைத்ததில்லை.

பத்து மணிக்குக் கீழ்வீட்டு மரகதம் வந்தா. மதுரைக்காரர்கள். புருஷன் சுந்தரம் இரவு முழுக்க டாக்ஸி ஓடிவிட்டு எட்டு மணிக்குத்தான் படுப்பார்.

"தப்பா எடுத்துக்காதீங்க கௌரி. இப்பதான் கண்ணை மூடினாரு. மேல இடி இடிக்கிற மாதிரி இருக்கு."

மன்னிப்புக் கேட்டேன். நாளையிலிருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எதைப் பார்த்துக்கொள்ளப்போகிறேன்?

05.05.1998

அரிசி மூட்டையைத் தூக்கி மெஷினுக்கு மேல் வைத்தேன். இருபது கிலோ. இப்போது மூட்டையும் சேர்ந்து ஆடுகிறது.

09.05.1998, சனி

நிமலன் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அரை நாள் லீவு எடுத்து வந்து மெஷினுக்குக் கால் சரி பார்த்தார். மேலே ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி வைத்து, எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்து, நாலு காலையும் திருகித் திருகிச் சமப்படுத்தினார். "இப்ப அசையாது பாரும்," என்றார். பிழிகிற நேரம் வந்ததும் தட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதி உடைந்தது.

பிறகு கேட்டார்: "ஏன் ஒவ்வொரு நாளும் போடுறீர்? எங்கட உடுப்போட சேர்த்துப் போடலாந்தானே. ஆட்டத்தை ஒருக்காவோட முடிக்கலாம்."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. மூத்திரம் நனைந்ததைப் பிள்ளையின் பள்ளி உடுப்போடும் சாமித்தட்டுத் துடைக்கிற துணியோடுமா போடுகிறது? அம்மா அழுக்குக்கு ஒரு வாளி, தீட்டுத் துடக்குக்கு ஒரு வாளி என்று வைத்திருந்தவ. இந்த ஊருக்கு வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா? நல்லாக ஏசினேன். அவர் தட்டுத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அறைக்கதவு பாதி திறந்திருந்தது. மாமாவுக்குக் கேட்டிருக்காது. கேட்டிருக்காது.

13.05.1998, புதன்

வீட்டு ஏஜென்ற்றிடமிருந்து கடிதம். கீழ்வீட்டிலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறதாம். பத்து வேலைநாளுக்குள் சத்தம் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டை விட வேண்டும். எண்ணிப் பார்த்தேன். இருபத்தேழாம் திகதி.

இந்த வீடு கிடைக்க மூன்று மாதம் அலைந்தோம். நாலு பேர், அதில் ஒருவர் வயதானவர் என்றதும் கதவைச் சாத்தினவர்கள் எத்தனை பேர். இங்கே மாமாவின் அறையிலிருந்து குளியலறைக்கு ஆறு அடி. அந்த ஆறு அடியே அவருக்குத் தூரம். வேறு எங்கே கொண்டுபோவேன்?

மெஷினைப் பார்த்துச் சொன்னேன் — நீயும் எங்களை அகதியாக்கப் பார்க்கிறாய், என்ன?

14.05.1998

மெஷின் திருத்துகிறவருக்குப் போன் பண்ணினேன். மூன்று கிழமைக்குப் பிறகுதான் வரலாமாம். எந்த மெஷின் என்று கேட்டார். சொன்னேன். அவுஸ்திரேலியாவுக்குப் போன ஒரு குடும்பத்திடம் வாங்கியது, ஐரோப்பாச் சாமான், முன்பக்கம் கதவு. "அதை எறிந்துவிடுங்கள்," என்றார். புதிது வாங்குகிற நிலையில் நாங்கள் இருந்தால் உன்னோடு ஏன் கதைக்கிறேன் என்று சொல்ல இங்கிலீஷ் வரவில்லை. தாங்க் யூ சொல்லி வைத்துவிட்டேன்.

15.05.1998

மாடிப்படியில் மரகதம். சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டு சொன்னா: "போன வாரம் சிக்னல்ல வண்டிய நிப்பாட்டிட்டுத் தூங்கிட்டாரு கௌரி. பின்னாடி ஆள் உக்காந்திருக்கு. பயந்துபோய்த்தான் எழுதினேன்."

அவவை வெறுக்கவாவது விட்டிருக்கலாம். அதுவும் இல்லை.

16.05.1998, சனி

இன்றிலிருந்து கையால் துவைக்கிறேன். குளிக்கிற தொட்டியில் விரிப்பைப் போட்டு, முழங்காலில் இருந்து, கும்மி, பிழிந்து. ஈர விரிப்பு ஒன்றைத் தனி ஆள் பிழிகிறது எவ்வளவு கஷ்டம் என்று மறந்துபோயிருந்தேன். வெளியே மழை. இந்த ஊரில் மே மாதம்தான் குளிர் தொடங்குகிறது, வெயில் கடனுக்குத்தான் வரும். பல்கனிக் கொடியில் மூன்று விரிப்பு. மூன்றும் ஈரம். நாலாவது எங்களிடம் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு வேலைக்கு ஓட்டம். ரெஸ்ற் ஹோமில் நாற்பது கிழவர் கிழவி. அங்கேயும் விரிப்புத்தான். எல்லாருடையதையும் ஒரே பெரிய மெஷினுக்குள் திணித்துவிட்டுப் பட்டனை அமத்துகிறேன். யாருடையது எது என்று யாரும் பார்ப்பதில்லை. அது அவர்கள் வழக்கம்.

18.05.1998, திங்கள்

காலை ஆறு மணிக்குக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம். போய்ப் பார்த்தால் மாமா. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் நிற்கிறார். விரிப்பைத் தானே அலசுகிறாராம். கை இரண்டும் விறைத்து நீலம். சாரம் நனைந்து தொடையோடு ஒட்டியிருக்கிறது.

"விடுங்கோ மாமா."

"இல்லைப் பிள்ளை. நீர் வேலைக்குப் போறனீர். இதை நான் செய்வன்."

"நீங்கள் விழுந்தால் அதையும் நான்தானே பாக்கவேணும்!"

கத்திவிட்டேன். கீழே கேட்கிற மாதிரி. அவர் எழும்ப முயன்றார், முடியவில்லை. நான்தான் கையைப் பிடித்துத் தூக்கினேன். நாற்பது வருஷம் ஊர்ச் சனத்தின் கடிதத்துக்கெல்லாம் முத்திரை குத்தின கை.

ஏன் கத்தினேன்? எனக்கு இடுப்பு உளைகிறது. நித்திரை இல்லை. ஆனால் ஏன் கத்தினேன்?

20.05.1998, புதன்

ரெஸ்ற் ஹோமில் ஒரு கட்டில் காலியாக இருக்கிறது. கேட்டேன். வாயைத் திறந்து கேட்டேவிட்டேன். பெரிய நேர்ஸ் ஒரு படிவம் தந்தா.

நிமலனிடம் காட்டினேன். அவர் வெகுநேரம் படிவத்தையே பார்த்தார்.

"அங்கை அவர் என்னத்தைச் சாப்பிடுவார்?"

"நான் அங்கைதானே வேலை செய்யிறன். நான் பாப்பன்."

"அங்கை பாக்கலாம் எண்டால் இஞ்சை ஏன் ஏலாது?"

உங்கட அப்பாவின்ர விரிப்பை ஒருநாளாவது நீங்கள் எடுத்தனீங்களா என்று கேட்டேன். அவர் படிவத்தை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போனார். இருவரும் சரிசமம். இருபத்தேழுக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது.

21.05.1998

படிவத்தை நிரப்பினேன். பெயர், பிறந்த திகதி, மருந்துகள். 'சிறுநீர்க் கட்டுப்பாடு' என்ற இடத்தில் 'இல்லை'க்கு நேரே அடையாளம் போட்டேன். அந்தச் சின்னப் பெட்டிக்குள் பேனையை வைக்கக் கை கூசியது. நிமலனின் கையெழுத்து மட்டும் பாக்கி. குசினி மேசை லாச்சியை இழுத்து, உள்ளே கரண்ட் பில்லுக்குக் கீழே வைத்திருக்கிறேன்.

22.05.1998

படிவம் கரண்ட் பில்லுக்கு மேலே இருக்கிறது. ஓரமெல்லாம் ஒன்றோடொன்று தட்டிச் சமப்படுத்தி, கடிதக் கட்டு மாதிரி. நிமலன் எதையும் அப்படி வைக்கிற ஆள் இல்லை.

நான்தான் வைத்திருப்பேன்.

23.05.1998, சனி

இன்று விரிப்பு நனையவில்லை!

24.05.1998

இன்றும் நனையவில்லை. வாளி காலி. மாமா ஜன்னலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். குளிசை மாற்றிக் கொடுத்தார் டொக்டர், அது வேலை செய்கிறது போல. ஞாயிறுச் சந்தையில் கீரை வாங்கி வந்து கடைந்தேன். கன நாளுக்குப் பிறகு கஜானியோடு சிரித்தேன்.

25.05.1998, திங்கள்

மூன்றாம் நாள். நிமலனுக்கு வேலைக்குப் போன் பண்ணியே சொன்னேன். மெஷின் வேண்டாம், தொட்டியும் வேண்டாம். படிவத்தைக் கிழிக்கலாமோ என்று நினைத்தேன். எதற்கும் இன்னும் இரண்டு நாள் பார்ப்போம் என்று வைத்துவிட்டேன்.

மாமாவின் உதடு வெடித்திருக்கிறது. குளிர்தான். வாஸ்லின் கொடுத்தேன். சாப்பாடு குறைவு. ஆனால் கொடுக்கிற தேத்தண்ணி எல்லாம் குடிக்கிறார், கப்பைக் கழுவிக் கவிழ்த்தும் வைக்கிறார். எவ்வளவு நல்ல மனிசன் என்று நினைத்தேன்.

26.05.1998

மாமா விழுந்துவிட்டார். பதினொரு மணி. கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில். மாமா என்று கூப்பிட்டால் மாமியின் பெயரைச் சொல்லுகிறார். அம்புலன்ஸ். நாக்கு தோல் துண்டு மாதிரிக் காய்ந்து கிடந்தது. நான் பாத்தனான். உதடு வெடிச்சுக் கிடந்ததை என்ர கண்ணால பாத்தனான்.

27.05.1998, புதன்

உடம்பில் தண்ணீரே இல்லையாம். மூத்திரத்தில் கிருமி, சிறுநீரகம் வரைக்கும் போய்விட்டதாம். இரண்டு கையிலும் ஊசி. எவ்வளவு குடிப்பார் என்று டொக்டர் கேட்டார். ஒரு நாளைக்கு ஐந்து தடவை நானே தேத்தண்ணி கொடுப்பேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பொய் சொல்கிறேன் என்று நினைத்தாரோ.

வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்தேன். மாமாவின் அறையிலிருந்துதான் பல்கனிக்குப் போகலாம். அங்கே என் கறிவேப்பிலைச் சாடி. இரண்டு வருஷமாகக் காப்பாற்றுகிற ஒற்றை மரம். குளிருக்கு எல்லோர் வீட்டிலும் இலை கொட்டுகிறது, என்னுடையதில் மட்டும் மண் சேறாக இருக்கிறது. மேலே பால் ஆடை மாதிரி வெள்ளையாக ஏதோ. குனிந்து பார்த்தேன். தேயிலைத் தூள். சாடி விளிம்பு முழுக்க எறும்பு, சீனிக்கு.

அங்கேயே இருந்துவிட்டேன்.

ஐந்து கப். ஒவ்வொரு நாளும். நான் கொடுக்க, அவர் வாங்க, நான் அந்தப் பக்கம் திரும்ப, அவர் எழும்பிப்போய் ஊத்த. விரிப்பு நனையக்கூடாது எண்டு. மெஷின் ஆடக்கூடாது எண்டு. நான் மூண்டு நாள் சந்தோசப்பட்டன். கீரை கடைஞ்சன். அந்தாள் தவிச்ச வாயோட கிடக்க நான் நிமலனுக்குப் போன் பண்ணிக் கொண்டாடினன்.

அந்தப் படிவத்தை வாசிச்சிட்டார்.

இன்றைக்குத்தான் இருபத்தேழு. ஏஜென்ற் போன் பண்ணியிருக்கலாம். வீட்டில் யார் இருந்தது.

28.05.1998

மாமாவின் போர்வை, விழுந்தபோது கட்டியிருந்த சாரம், விரிப்பு எல்லாம் மூலையில் கிடந்தன. தூக்கி மெஷினில் போட்டேன். ஆடட்டும். வீடு இடிந்து விழட்டும்.

பிழியத் தொடங்கி இரண்டு நிமிஷம் இருக்காது, கதவில் தட்டுகிறார்கள். சுந்தரம். இத்தனை நாளில் அவரே மேலே வந்தது இல்லை. லுங்கியும் ஸ்வெட்டரும், கண் இரண்டும் செக்கச்சிவப்பு.

"எழுதுங்கோ அண்ணை, இன்னொரு கடிதம் எழுதுங்கோ," என்றேன். "நாங்கள் போறம். எல்லாரும் போறம். அவர் எங்களுக்கு முன்னமே போயிடுவார் போல கிடக்கு." கதவைப் பிடித்துக்கொண்டு அழுதேன். முன்பின் பேசாத மனிதர் முன்னால் வெட்கமில்லாமல் அழுதேன்.

"பெரியவருக்கு என்னாச்சும்மா?" என்று கேட்டார்.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். சாடியையும் சொன்னேன். அவர் உள்ளே போய் மெஷினை நிறுத்தினார். கதவைத் திறந்து துணியை எல்லாம் வெளியே எடுத்தார், மூக்கைச் சுளிக்கவில்லை. பிறகு உள்ளே இருக்கிற டிரம்மின் விளிம்பில் கையை வைத்துக் கீழே அமுக்கிச் சட்டென்று விட்டார். அது மேலே வந்தது, கீழே போனது, மறுபடியும் மேலே வந்தது. நாலு தடவை எண்ணினேன்.

"டாக்ஸியில மூக்குப் பக்கத்தை இப்படித்தான் அமுக்கிப் பாப்போம். ஒரு தடவை எழும்பி நின்னுடணும். இது தொட்டில் மாதிரி ஆடுது பாருங்க. ஷாக் அப்சர்பர் போயிருச்சு. கார்ல இருக்கிற மாதிரியேதான், சின்னதா, அடியில ரெண்டு இருக்கும். வேற ஒண்ணும் இல்ல."

வேற ஒண்ணும் இல்லையா?

"நான் ஏஜென்ட்டுக்குப் பேசுறேன். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க," என்றார்.

29.05.1998, வெள்ளி

திங்கள் மகாராணி பிறந்தநாள் லீவு. அதற்கு முன் வாங்கியாக வேண்டும். மெஷினின் பின்பக்கத்து இலக்கத்தைச் சுந்தரம் அண்ணை எழுதித் தந்தார். ரயிலில் கிளென் ஈடன் போனேன். பழைய மெஷின்களுக்குச் சாமான் விற்கிற கடை. கவுண்டரில் இருந்த ஆள் இலக்கத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போனார். கால்மணி நேரம் வரவில்லை. இல்லை என்று சொல்லத்தான் தயங்குகிறார் என்று நினைத்தேன். பிள்ளையாரே, இந்த ஒன்றையாவது தா என்று கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தூசி படிந்த பெட்டியோடு வந்தார். கடைசிச் சோடியாம்.

திரும்பி வரும்போது ரயிலில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரி. மாமா கண்ணை மூடியிருந்தார். வாயில் ஸ்பொஞ்சால் தண்ணீர் தொட்டு வைத்தேன். தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

30.05.1998, சனி

குழாயைக் கழற்றி, மிச்சத் தண்ணீரை வாளியில் பிடித்து, நிமலனும் சுந்தரம் அண்ணையும் மெஷினைப் பழைய போர்வையில் மெல்லச் சாய்த்தார்கள். அடியில் தட்டு இல்லை, திறந்தபடிதான். மேலே இரண்டு ஸ்பிரிங்கில் டிரம் தொங்குகிறது, கீழே இடமும் வலமும் ஒவ்வொரு ஷொக் அப்சோர்பர். இவ்வளவு நாளாக என்னைக் கொன்ற சாமான் ஒரு முழம்கூட இல்லை.

வலப்பக்கத்து போல்ட் சொன்னபடி கேட்டது. இடப்பக்கத்தது துருப்பிடித்து இறுகியிருந்தது. எண்ணெய் அடித்துவிட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். அண்ணையின் கை அந்த இடுக்குக்குள் போகவில்லை, நிமலனின் கையும் போகவில்லை. நான் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு கையை விட்டேன். "லெஃப்ட்டுக்குத் திருப்புங்கம்மா, முழு பலத்தையும் குடுங்க." கொடுத்தேன். பதினெட்டாம் திகதி கத்தின கத்தலை எல்லாம் சேர்த்துக் கொடுத்தேன். முழங்கை தோல் உரிந்தது. போல்ட் கழன்றது.

பழையதை இழுத்துப் பார்த்தேன். வோஷர் போன சைக்கிள் பம்ப் மாதிரி, காற்றில் போய் வந்தது. புதியது இழுக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டுமாம், ஒன்றை மாற்றினால் மற்றது இழுத்துவிடும்.

மெஷினை நிமிர்த்தி, டிரம்மை அமுக்கி விட்டார் அண்ணை. ஒரு தடவை எழும்பியது. நின்றது.

"தெனமும் என்ன போடுவீங்க?" என்று கேட்டார்.

"மாமாவின்ர பெட்ஷீற். சாரம்."

"அது மட்டுமா? வேற துணி?"

"அது மட்டும்தான்."

அவர் தலையைச் சொறிந்தார். "அதாம்மா. ஒத்தை ஷீட் தண்ணி குடிச்சா உருண்டையாகி ஒரு பக்கமா ஒதுங்கிரும். சுத்தும்போது அந்தப் பக்கமே போட்டு இடிக்கும். ஒரு வருஷமா தெனமும் இடிச்சா எந்த ஷாக் தாங்கும்? நாலு துணி கூடப் போட்டா பரவிக்கும். ஏன் தனியாப் போட்டீங்க?"

வாசலில் நின்ற மரகதம்தான் மெதுவாகச் சொன்னா: "எங்க மாமியார் இருந்தவரைக்கும் எங்க வீட்லயும் தனிதாங்க."

அப்படியென்றால் மெஷினை உடைத்தது நான். பழைய சாமான் இல்லை, மாமா இல்லை, நான். நாற்பது வெள்ளைக்காரரின் விரிப்பை ஒன்றாகப் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கைகழுவிச் சோறு தின்கிறவள். துடக்கு, சாமித்துணி என்று சொன்னதெல்லாம் பொய். எனக்கு அருவருப்பு. அதைச் சொல்ல வெட்கப்பட்டு அம்மாவின் வாளியை இழுத்துக்கொண்டு வந்தேன். மாமாவுக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையும் தனியாக ஆடுகிற மெஷினைக் கேட்டுக்கொண்டுதானே கிடந்தார்.

02.06.1998, செவ்வாய்

மாமா வீட்டுக்கு வந்துவிட்டார். பாதியாகிவிட்டார். படிகளில் நிமலனும் சுந்தரம் அண்ணையும் கதிரையோடு தூக்கி வந்தார்கள். மரகதம் ஏஜென்ற்றுக்கு எழுதிய கடிதத்தின் பிரதியைக் காட்டினா. முறைப்பாட்டைத் திருப்பி வாங்கிவிட்டார்கள்.

மாமாவிடம் போய் நின்றேன்.

அவரே சொன்னார். "லாச்சிக்குள்ளை கத்தரிக்கோல் தேடினனான் பிள்ளை. மற்றவையின்ர கடிதத்தை நான் ஒருநாளும் வாசிச்சது இல்லை. அதிலை என்ர பேர் கிடந்தது. அதாலை வாசிச்சன்."

படிவத்தைக் கொண்டுவந்து அவர் முன்னால் கிழித்தேன். அவர் அதைப் பார்க்கவில்லை. "அங்கை போறதுக்கு எனக்குப் பயமில்லை," என்றார். "உமக்குக் கரைச்சல் குடுத்திட்டுப் போறனே எண்டுதான்."

தண்ணீர் கொடுத்தேன். இரண்டு மிடறு. போதுமாம். டொக்டர் இரண்டு லீற்றர் என்கிறார். இரண்டு மிடறு! கெஞ்சினேன், அதட்டினேன். கப்பை என் கையில் திருப்பித் தந்துவிட்டுப் படுத்துவிட்டார். மெஷினைத் திருத்தி என்ன? இந்த மனிசனை எந்த ஸ்பனரால் திருத்துவேன்?

03.06.1998

மூன்று கப் ஊற்றினேன். மூன்றும் ஆறிப்போய் அப்படியே இருக்கின்றன. இப்போது ஒளித்து ஊற்றுவதுகூட இல்லை. கிருமி திரும்ப வந்தால் இனித் தாங்க மாட்டார் என்று டொக்டர் சொல்லித்தான் விட்டவர்.

04.06.1998, வியாழன்

காலையில் மாமாவைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து குசினியில் கதிரை போட்டு இருத்தினேன். மெஷினுக்கு நேரே. அவர் கட்டிலில் கிடந்த விரிப்பை எடுத்தேன். நனையவில்லை, எங்கே நனைகிறது. அதை மெஷினில் போட்டேன். அவர் சாரம். அதற்கு மேல் கஜானியின் பள்ளி உடுப்பு, என் வேலைச் சட்டை, நிமலனின் காற்சட்டை, சாமித்தட்டுத் துணி.

மாமா பதறிப்போனார். "பிள்ளையின்ர உடுப்போட போடாதையும் கௌரி!"

"ஏன் மாமா?"

"அது… என்ரை…"

"எல்லாம் எங்கட வீட்டு உடுப்புத்தான்." கதவைச் சாத்திப் பட்டனை அமத்தினேன். தேத்தண்ணி ஊற்றி, கப்பைக் கொண்டுபோய் மெஷினுக்கு மேல் வைத்தேன். நானும் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான்.

இருவரும் ஒரு மணி நேரம் அந்த வட்டக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளை விரிப்புக்குள் நீலப் பள்ளிச் சட்டை சுற்றிச் சுற்றி வந்தது. நடுவில் ஒருதரம் தேத்தண்ணியைச் சூடாக்கி வைத்தேன். பிழியத் தொடங்கியபோது மாமா கதிரைக் கையைப் பிடித்துக்கொண்டார், இடி விழப்போகிறது என்று. விழவில்லை. உறுமினது, அவ்வளவுதான். கப்பில் தேத்தண்ணி மெல்ல நடுங்கியது. ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

மெஷின் நின்ற பிறகும் அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழை அவையளுக்குக் கேக்கேல்லையோ?"

"இல்லை மாமா. அவர் நித்திரை."

பிறகு கையை நீட்டினார். "அதை எடும் பிள்ளை. ஆறப்போகுது."

முழுக்கக் குடித்தார். நான் கழுவுகிற தொட்டிப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

07.06.1998, ஞாயிறு

இன்று காலை விரிப்பு நனைந்திருந்தது. தொப்பல். வாளியில் இல்லை, பேப்பரும் இல்லை, கட்டிலிலேயே கிடந்தது. மாமா கதிரையில் இருந்து என்னைப் பார்த்தார்.

"இண்டைக்குக் கனக்கப் பிள்ளை," என்றார்.

"நல்லது மாமா," என்றேன். சிரிப்பு வந்துவிட்டது. விரிப்பை நிமலனிடம் கொடுத்தேன். அவர்தான் மெஷினில் போட்டார்.

14.06.1998, ஞாயிறு

இன்று ரசத்துக்கு இரண்டு இலை பறிக்கப் பல்கனிக்குப் போனேன். கறிவேப்பிலைச் சாடி காய்ந்து, மண் வெடித்துக் கிடக்கிறது. எறும்பு ஒன்றும் இல்லை.

ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன்.